லினக்ஸில் வந்து வந்து போகும் ஹார்ட் டிஸ்க்: நான் தேடிப் பிடித்த விதம்

குளச்சலில் கடற்கரைக்கு நடந்துபோகிற தூரத்தில் எங்கள் வீடு. மாடியறையில்தான் என் எடிட்டிங் வேலை. கல்யாணம், புதுநன்மை, ஊர்த் திருவிழா என்று எது வந்தாலும் அங்கேதான். கம்ப்யூட்டரில் டெபியன் 12 என்ற லினக்ஸ், படத்தை வெட்டி ஒட்டக் கேடென்லைவ். ஒரு கல்யாணத்துக்கு முன்னூறு ஜிபி ஃபுட்டேஜ் சாதாரணமாக வரும். எல்லாம் வெளியே கேபிளில் தொங்கும் ஹார்ட் டிஸ்க்குகளில்தான் கிடக்கிறது.

போன ஆனி மாதம், அதில் ஒரு இரண்டு டிபி டிஸ்க் விளையாட்டுக் காட்ட ஆரம்பித்தது. காலையில் சொருகினால் தெரியும், சாயங்காலம் சொருகினால் தெரியாது. தெரிந்தாலும் பாதிக் காப்பியில் காணாமல் போகும். பெண்ணின் அப்பா போன் போட்டு, "தம்பி, நம்ம கல்யாணப் படம் எப்பம் கெடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படிக்கிற அக்கா மகன் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாமா, ஃபார்மட் அடிச்சிப் பாப்பமா?" என்றான். மவுஸிலிருந்து அவன் கையைத் தட்டிவிட்டேன்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் தெரியாதபோது, "ஃபார்மட் செய்யவா?" என்று எந்தப் பெட்டி வந்து கேட்டாலும் வேண்டாம் என்று அழுத்துங்கள். எஃப்எஸ்சிகே ஓட்டுவதும் இப்போது வேண்டாம். பாதியில் துண்டித்துப் போகும் டிஸ்க்கில் பழுதுபார்க்கும் நிரல் ஓடினால், அது எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு போகும். அதுவரை நல்லாயிருந்த கோப்பு அமைப்பும் கெட்டுவிடும். இணைப்பு நிலையாக நிற்கும்வரை டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது.

அப்புறம் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையது நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. எந்த போர்ட், எந்த கேபிள், மணி எத்தனை, என்ன ஆனது என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி. எப்போதுமே தெரியாத டிஸ்க்கைப் பிடிப்பது சுலபம். சிலநேரம் மட்டும் தெரிகிற டிஸ்க்தான் ஆளை அலையவிடும். கேபிளை மாற்றியதால் சரியானதா, தானாகவே சரியானதா என்று மூன்றாம் நாள் நமக்கே ஞாபகம் இருக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எழுதி வைத்தால்தான் உண்டு. அந்த நோட்டுதான் என்னைக் காப்பாற்றியது, அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில் நிற்கிறது?

"டிஸ்க் தெரியவில்லை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் மூன்று வேறு நோய்கள். சொருகிவிட்டு 'எல்எஸ்யுஎஸ்பி' என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் உங்கள் டிஸ்க் இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. கேபிள், போர்ட், மின்சாரம், டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் சின்ன போர்டு, இந்த நான்கில் ஒன்றுதான் காரணம். பட்டியலில் இருக்கிறது, ஆனால் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' தட்டினால் எஸ்டிபி, எஸ்டிசி என்று லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் பெயர் எதுவும் காட்டவில்லையென்றால், பெட்டியிலுள்ள போர்டு பேசுகிறது, உள்ளே டிஸ்க் பதில் சொல்லவில்லை. அல்லது டிரைவர் குழப்பம். அதுவும் காட்டுகிறது, திறக்க மட்டும் முடியவில்லையென்றால் கோப்பு அமைப்பின் பிரச்சினை. இந்த மூன்றாவது ரகத்துக்குக் கேபிள் வாங்கப் பஸ் ஏற வேண்டாம்.

இந்த மூன்றில் எது என்று தெரியாமலேயே பலர் நேராக டிஸ்க்கைக் குறை சொல்லிவிடுகிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

கெர்னல் என்ன முணுமுணுக்கிறது?

கெர்னல் என்பது சொருகுகிற சாதனங்களோடு பேசும் லினக்ஸின் மையப் பகுதி. அது சொல்வதைக் கேட்பதற்குத்தான் இனி வரும் முக்கியமான கட்டளை. டெர்மினலைத் திறந்து 'சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ' என்று தட்டி அப்படியே விடுங்கள். முதல் வார்த்தை நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது, அதற்கு அடுத்தது டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்து எழுத்து. டெபியனிலும் இப்போதைய உபுண்டுவிலும் சூடோ இல்லாமல் இது வேலை செய்யாது. திரை ஓடி முடிந்து நிற்கும். இப்போது டிஸ்க்கைச் சொருகுங்கள்.

நல்ல நாளில் என் டிஸ்க்குக்கு வரும் முதல் வரி, 'நியூ சூப்பர்ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்' என்று தொடங்கும். பிறகு தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், கடைசியில் 'எஸ்டிபி' என்ற பெயரும் அதன் பகுதிகளும். எல்லாம் மூன்று நான்கு நொடியில் முடிந்துவிடும்.

கெட்ட நாளில் வந்ததைப் பாருங்கள். முதலில் 'சூப்பர்ஸ்பீட்' என்பதற்குப் பதில் 'ஹைஸ்பீட்' என்று வந்தது. ஹைஸ்பீட் என்றால் ஏதோ வேகமாக ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். அது பழைய யுஎஸ்பி 2 வேகம், நொடிக்கு 480 மெகாபிட். யுஎஸ்பி 3 டிஸ்க், நீல நிற போர்ட், ஆனாலும் பழைய வேகத்தில் வந்து நிற்கிறது. அடுத்த வரி, 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் மைனஸ் 71'. நான்கு முறை அதே வரி. கடைசியில் கெர்னலே வாய்விட்டுக் கேட்டது: 'கெனாட் எனேபிள். மேபி த யுஎஸ்பி கேபிள் இஸ் பேட்?' கேபிள் கெட்டிருக்குமோ என்று ஒரு கெர்னல் நம்மிடம் சந்தேகம் கேட்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மைனஸ் 71 என்றால் பேச்சு குளறுகிறது என்று அர்த்தம்: ஒரு பக்கம் அனுப்பியது மறுபக்கம் சிதைந்து போய்ச் சேர்ந்தது. மைனஸ் 110 என்றால் பதிலே வரவில்லை, காத்திருந்து காலம் கடந்தது. முதலாவது வந்தால் நான் கேபிளையும் போர்ட்டையும் பார்ப்பேன். இரண்டாவது வந்தால் மின்சாரம் போதாமலோ, டிஸ்க் சுழலாமலோ இருக்கலாம் என்று அந்தப் பக்கம் போவேன். கல்லில் செதுக்கிய விதி இல்லை, எங்கே தொடங்குவது என்பதற்கு ஒரு பிடி, அவ்வளவுதான்.

கேபிளும் உப்புக்காற்றும்

எங்கள் தெருவில் ஜன்னல் கம்பி மூன்று வருடம் தாங்காது. ஃபிரிட்ஜின் அடித்தகடு பொரிந்து கொட்டும். யுஎஸ்பி முனைகளில் தங்கப் பூச்சு உண்டுதான், ஆனால் அது மிக மெல்லியது. சொருகிச் சொருகி எடுத்தால் நாளடைவில் தேய்ந்துவிடும், அடியில் இருக்கும் உலோகத்தை உப்பு பிடித்துக்கொள்ளும். செல்போன் டார்ச்சை அடித்து, காசு பார்க்கும் லென்ஸ் ஒன்றை வைத்துப் பார்த்தேன். டிஸ்க் பக்கத்து முனையில், கடைசி இரண்டு தகடுகளின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு. கோயில் குத்துவிளக்கில் பார்ப்போமே, அதே பச்சை.

கையடக்க டிஸ்க்குகளில் வரும் அந்த அகலமான, இரண்டு துண்டாகப் பிரிந்த முனை இருக்கிறதே, அதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை விளங்கிவிடும். பெரிய துண்டில் பழைய யுஎஸ்பி 2-இன் இணைப்புகள். பக்கத்திலிருக்கும் சின்னத் துண்டில் யுஎஸ்பி 3-க்கான ஐந்து கூடுதல் இணைப்புகள். சின்னத் துண்டில் தொடுகை போனால் டிஸ்க் சாகாது, பழைய வேகத்துக்கு இறங்கி ஓடும். எனக்கு 'ஹைஸ்பீட்' என்று வந்தது அதனால்தான். 'எல்எஸ்யுஎஸ்பி -டி' (ஆங்கிலத்தில் எஸ்-க்கு அடுத்த டி) என்று தட்டி, வரிசையின் முடிவில் 5000எம் என்று இருக்கிறதா, 480எம் என்று இருக்கிறதா என்று பார்த்தால் இது உடனே தெரியும்.

கழுவுவதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மென்மையான பல்துலக்கும் பிரஷ். எல்லாவற்றையும் கழற்றி, மின்சாரம் இல்லாமல் வைத்து, லேசாகத் தேய்த்து, அரைமணி நேரம் காயவிட்டுத்தான் சொருக வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். தூசியை இழுத்து ஒட்டவைப்பதற்குத்தான் அது உதவும்.

கழுவியும் மைனஸ் 71 போகவில்லை. நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போய், அரை மீட்டருக்கும் குறைவான கேபிள் ஒன்று வாங்கி வந்தேன். கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நீளமான, மெலிந்த கேபிளில் ஐந்து வோல்ட் டிஸ்க்கைப் போய்ச் சேரும்போது குறைந்துவிடும். எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டிருந்தால் அதைத்தான் முதலில் எடுங்கள். டெஸ்க்டாப் பெட்டியின் முன்பக்க போர்ட்டையும் நான் நம்புவதில்லை. மதர்போர்டிலிருந்து அங்கே வர உள்ளே ஒரு ஒயர் சுற்றி வருகிறது, பின்பக்க போர்ட் நேராக மதர்போர்டிலேயே இருக்கிறது.

புதுக் கேபிள், பின்பக்க போர்ட், சூப்பர்ஸ்பீட். மைனஸ் 71 அதோடு சரி. காப்பி போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பாதியில் நிற்கிறது.

அம்மாவின் மோட்டார்

இங்கே நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். கேபிள் வாங்கின அன்றே, மருமகன் பேச்சைக் கேட்டு, தனி அடாப்டர் உள்ள ஒரு யுஎஸ்பி ஹப்பும் வாங்கி, டிஸ்க்கை அதன் வழியாகச் சொருகியிருந்தேன். அவன் சொன்ன காரணம் நியாயமானதுதான். யுஎஸ்பி 2 போர்ட் தரவேண்டிய அளவு 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 போர்ட் 900. இரண்டரை அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது இதற்குள் அடங்கிவிடும், ஆனால் சுழலத் தொடங்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில் ஒரு ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். பழைய லேப்டாப்பில் 'டிக், டிக்' என்று மெல்லத் தட்டிவிட்டு நின்றுபோகும் டிஸ்க்குகளில் பல இப்படிப் பட்டினி கிடப்பவைதான். அதற்குத் தனி அடாப்டர் ஹப் நல்ல மருந்து. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு இந்தக் கேள்வியே இல்லை, அதற்குப் பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் கூடவே வரும்.

ஆனால் நான் ஒன்றைச் சரியாக்கும் முன் இன்னொன்றையும் சேர்த்து மாற்றிவிட்டேன். என் விதியை நானே மீறியதற்குக் கூலி நான்கு நாள்.

டிஸ்க் காணாமல் போன நேரத்தை நான்கு நாளும் நோட்டில் எழுதினேன். முதல் நாள் காலை 6.05. இரண்டாம் நாள் 6.03. மூன்றாம் நாள் காலை ஒன்றுமில்லை, மாலை 5.40. நான்காம் நாள் 6.04. தூங்கும்போது நடந்ததற்கு நேரம் எப்படித் தெரியும் என்றால், 'சூடோ ஜர்னல்சிடிஎல் -கே' என்று தட்டினால் கம்ப்யூட்டர் கடைசியாகத் தொடங்கியதிலிருந்து கெர்னல் சொன்னதையெல்லாம் மணி, நிமிடம், நொடியோடு காட்டும். பின்னால் '--சின்ஸ் யெஸ்டர்டே' என்று சேர்த்தால் நேற்றிலிருந்து மட்டும். அங்கே 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்ற வரியைத் தேடினேன். டிஸ்க் போன அதே நொடியில் ஹப்பில் சொருகியிருந்த கார்டு ரீடரும் போயிருந்தது. அப்படியானால் டிஸ்க்கிலோ அதன் கேபிளிலோ கோளாறு இல்லை. ஹப்போடு மொத்தமாகப் போகிறது.

காலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். மணி கேட்டதும் அம்மா ஒரு செபம் சொல்லிவிட்டு, கீழே போய்த் தண்ணீர் மோட்டாரைப் போடுவார்கள். மூன்றாம் நாள் காலையில் போடாமல் சாயங்காலம் போட்டிருக்கிறார்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் எங்கள் வீட்டு பல்ப் ஒருமுறை கண் சிமிட்டுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கிறது, அதற்கு அந்தச் சிமிட்டல் தெரியாது. ஹப்பின் அடாப்டரை நான் சுவரிலிருந்த ப்ளக்பாயிண்டில் சொருகியிருந்தேன்.

"அம்மா, ஒருக்கா மோட்டாரப் போடுங்க" என்று மாடியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னேன். டிமெஸ்ஜி ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே ஸ்விட்ச் சத்தம், பல்ப் சிமிட்டல், திரையில் இரண்டு டிஸ்கனெக்ட் வரி. "அணைச்சிட்டு இன்னொருக்கா." மறுபடியும் இரண்டு வரி. "டேங்கு நெறஞ்சி வழியுது மக்களே, ஒனக்கு என்னத்துக்கு?" என்று கீழேயிருந்து குரல். அடாப்டரை யுபிஎஸ்ஸுக்கு மாற்றிச் சொருகியதும் மோட்டாருக்கும் டிஸ்க்குக்கும் இருந்த உறவு அறுந்தது.

உங்கள் வீட்டில் அது மோட்டாராக இல்லாமல் கிரைண்டராக, ஏசியாக, பக்கத்துப் பட்டறையின் வெல்டிங்காக இருக்கலாம். நேரத்தை எழுதிப் பாருங்கள். டிஸ்க்கோடு வேறு எதுவும் சேர்ந்து போகிறதா என்றும் பாருங்கள்.

மின்சாரமும் கேபிளும் சுத்தமாக இருந்தும் பெரிய கோப்புகளைக் காப்பி செய்யும்போது மட்டும் தொங்குகிறதா? டிமெஸ்ஜியில் 'யுஏஎஸ்' என்று தொடங்கும் அபார்ட் வரிகளும் 'ரீசெட் சூப்பர்ஸ்பீட்' என்பதும் மாறி மாறி வந்தால், டிஸ்க் பெட்டியிலுள்ள சிப்புக்கும், யுஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் லினக்ஸின் யுஏஎஸ் டிரைவருக்கும் ஒத்துவரவில்லை. எல்எஸ்யுஎஸ்பியில் தெரியும் நான்கு நான்கு எழுத்துக்கொண்ட இரண்டு அடையாள எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈடிசி-க்குள் மோட்ப்ரோப் டாட் டி என்ற அடைவில் ஒரு கான்ஃப் கோப்பு உருவாக்கி, 'ஆப்ஷன்ஸ் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ்=' என்று எழுதி, முதல் எண், முக்காற்புள்ளி, இரண்டாம் எண், முக்காற்புள்ளி, கடைசியில் 'யு' என்ற எழுத்து. பிறகு 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு', ஒரு ரீபூட். டிஸ்க் பழைய யுஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவருக்கு இறங்கும். வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனால் நிற்கும்.

திறக்க மறுக்கும் டிஸ்க்குகள் பெரும்பாலும் விண்டோஸ் வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்துதான் வருகின்றன. கேமராமேன் பாதுகாப்பாக எஜெக்ட் செய்யாமல் பிடுங்கி எடுத்துவிடுவார், அல்லது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பாதித் தூக்கத்தில் டிஸ்க்கை விட்டுவிடும். 'வால்யூம் இஸ் டர்ட்டி' என்று கெர்னல் சொன்னால் அதுதான். டிஸ்க்கை அந்த விண்டோஸிலேயே சொருகி, 'செக்டிஸ்க்' (சி, எச், கே, டி, எஸ், கே) ஓட்டி, முறையாக எஜெக்ட் செய்து கொண்டுவரச் சொல்வேன். விண்டோஸே கைவசம் இல்லையென்றால் 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி' (சி-க்கு அடுத்த டி) சில அடிப்படைப் பிழைகளைச் சரிசெய்து அந்த அழுக்குக் குறியை நீக்கும். அது முழுச் சோதனை இல்லை, முதலில் கோப்புகளைப் படித்து எடுத்துக்கொள்ளத்தான்.

இன்னொன்று. டிஸ்க் போய்த் திரும்பி வந்தால் எஸ்டிபி என்ற பெயர் எஸ்டிசி ஆகிவிடலாம். கம்ப்யூட்டர் தொடங்கும்போது எந்த டிஸ்க்கை எங்கே திறப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிபி என்று எழுதி வைத்திருந்தவர்களுக்கு டிஸ்க் நல்லாயிருந்தும் 'தெரியாது'. அதற்குப் பதில் எல்எஸ்பிஎல்கே -எஃப் காட்டும், மாறாத அடையாளமான யுயுஐடி எண்ணைப் போடுங்கள், பக்கத்தில் 'நோஃபெயில்' என்பதையும் சேருங்கள். சேர்க்காவிட்டால், டிஸ்க் இல்லாமல் தொடங்கும் நாளில் கம்ப்யூட்டர் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் போய் உட்கார்ந்துவிடும்.

டிஸ்க்கே போயிருந்தால்

இவ்வளவுக்கும் பிறகும் தகராறு என்றால் 'சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ -டி சாட்' (டி என்பது சி-க்கு அடுத்த டி, சாட் என்பது எஸ், ஏ, எஸ்-க்கு அடுத்த டி) என்று தட்டி, டிஸ்க்கின் பெயரைக் கொடுங்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவியிருக்க வேண்டும். நீளமான பட்டியல் வரும், நான் பார்ப்பது 5, 197, 198 என்ற மூன்று வரிகளின் கடைசி எண். 5 என்பது கெட்டுப்போய் ஒதுக்கிவைத்த செக்டர்கள், 197 படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை, 198 சோதித்துப் பார்த்தும் தேறாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். 197 நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் போகிறது. 199 ஏறினால் யுஎஸ்பி கேபிள் என்று சிலர் சொல்வார்கள். அது பெட்டிக்குள் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவிலுள்ள சாட்டா இணைப்பின் கணக்கு, வெளிக் கேபிளைப் பற்றி அது பேசாது.

டிமெஸ்ஜியில் 'மீடியம் எரர்' என்று வந்தாலோ, உள்ளே தாளம் போடுவது போலத் தட்டும் சத்தம் கேட்டாலோ, திறந்து பார்க்கலாமே என்று மவுன்ட் செய்து, அதாவது லினக்ஸோடு இணைத்துத் திறந்து, விளையாடாதீர்கள். பெரிய, நல்ல டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, 'டிடிரெஸ்க்யூ' கொண்டு அப்படியே பிம்பம் எடுங்கள். டெபியனில் தொகுப்பின் பெயருக்கு முன்னால் ஒரு ஜி உண்டு, 'ஜிடிடிரெஸ்க்யூ'. கட்டளைக்கு அந்த ஜி இல்லை. முதல் சுற்றில் '-என்' போட்டால் சுலபமாக வருவதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போகும். பழைய டிஸ்க், பிம்பம் போகும் இடம் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக ஒரு மேப் கோப்பின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும், டிஸ்க் துண்டித்தாலும் விட்ட இடத்திலிருந்து அது தொடரும். தட்டும் சத்தம் நிற்காவிட்டால், படம் அவ்வளவு முக்கியம் என்றால், ஆஃப் செய்து தரவு மீட்கிறவர்களிடம் கொடுப்பதுதான் சரி.

என் டிஸ்க்கில் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். பாவம், அதை ஒரு மாதம் திட்டித் தீர்த்திருந்தேன். கல்யாணப் படம் ஆடி பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்தது.

வேலை முடிந்து டிஸ்க்கைப் பிடுங்கும் முன் 'யுடிஸ்க்ஸ்சிடிஎல் அன்மவுன்ட் -பி' (ஏ-க்கு அடுத்த பி) என்று தட்டிப் பகுதியின் பெயரையும், பிறகு 'யுடிஸ்க்ஸ்சிடிஎல் பவர்-ஆஃப் -பி' என்று தட்டி டிஸ்க்கின் பெயரையும் கொடுங்கள். சுழற்சி அடங்கும் சத்தம் காதில் கேட்ட பிறகு கழற்றலாம். கழற்றிய டிஸ்க்கை நான் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறேன். செருப்புப் பெட்டிகளில் வரும் அதே பொட்டலம்தான்.

கெட்டது என்று தெரிந்த கேபிளைக் கத்தரித்து இரண்டாக்கிக் குப்பையில் போடுங்கள். நான் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து மருமகன் வந்தான், அவன் டிஸ்க்கைச் சொருகினான், "மாமா, இதும் தெரியமாட்டேங்கு" என்றான். அவன் கையில் இருந்தது அந்தக் களிம்புக் கேபிள்.